பூஜ்யம் எடுத்த பிள்ளை

விருத்தாசலத்தில் பிறக்கிற குழந்தைகள் இனிமேல் வலி என்றால் என்னவென்றே தெரியாமல் வளர வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகிவிட்ட செய்தி, நர்சு உபகாரமேரிக்கு எலுமிச்சை சாதத்தின் நடுவில் வந்து சேர்ந்தது. ஆயா வந்து, "பெரிய சாரு நர்சுங்க எல்லாத்தையும் ஹாலுக்கு வரச் சொல்றாரு, ஏதோ வலியாம்" என்றாள். யாருக்கு வலி என்று உபகாரமேரி கேட்கவில்லை. மணிமுத்தா தாய்சேய் மருத்துவமனையில் வலி இல்லாத ஆளை அவள் பார்த்ததில்லை. மீதிச் சாதத்தை மூடி வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போனாள்.

அவளைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிறந்த குழந்தையின் குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கும்போதெல்லாம் அவளுக்குக் கண் கலங்கிவிடும். "சேசுவே" என்று சொல்லிக்கொண்டுதான் குத்துவாள். வருஷங்கள் போகப் போக சேசு விட்டுப்போனார், குத்துவது மட்டும் மிஞ்சியது. இப்போதெல்லாம் குழந்தைகள் வீரிட்டு அழுவது அவள் காதுக்கு மேலே ஓடும் மின்விசிறிச் சத்தம் மாதிரிதான். அதற்காக அவளைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்லிவிட முடியாது. ஒரு அறையில் பதினைந்து குழந்தைகள், இரண்டு நர்சு. அத்தனை அழுகையையும் கேட்டுக்கொண்டிருந்தால் அத்தனை குழந்தைக்கும் ஊசி போட முடியாது. வேலையும் ஒப்பந்த வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பித்துக் கொடுப்பார்கள், கொடுக்காமலும் இருப்பார்கள். வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கணவன் செபாஸ்டியனுக்கு மருந்து அந்தச் சம்பளத்தில்தான் வருகிறது.

ஹாலில் மருத்துவமனை நிர்வாகி டாக்டர் பழமலைநாதன் மைக்கைப் பிடித்திருந்தார். மின்வெட்டு என்பதால் மைக் வேலை செய்யவில்லை. ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டால்தான் அவருக்குப் பேச்சு வரும்.

"காசிக்கு வீசம் கூட நம்ம விருத்தகாசின்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. புண்ணியத்துல மட்டும் வீசம் கூட இருந்தா போதுமா? பச்சிளம் குழந்தைங்களோட வலிய ஒழிக்கிறதுலயும் நாம வீசம் கூட இருக்கணும். 'வலியில்லா மழலை இயக்கம்' நம்ம ஆஸ்பத்திரியப் பயிற்சி மையமாத் தேர்ந்தெடுத்திருக்குது. என்னைய மண்டல ஒருங்கிணைப்பாளரா நியமிச்சிருக்குது. குழந்தைங்களுக்கு இதவிட நல்ல செய்தி வேற இருக்க முடியாது."

கைதட்டினார்கள். சுற்று வட்டாரத்திலிருந்து நர்சுகளும் மருத்துவச்சிகளும் வரவழைக்கப்பட்டிருந்தார்கள். நல்லூர்ப் பக்கத்துக் கிராம நர்சு திரௌபதி, உபகாரமேரிக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து முட்டிக்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டிருந்தாள். "நமக்கு இருக்கிற வலிக்கு ஒரு இயக்கமும் வர மாட்டேங்குது பாரு" என்றாள்.

பயிற்சிக்கு ஒரு பொம்மை வர வேண்டியிருந்தது. நிஜக் குழந்தை மாதிரியே முகம் சுளிக்கிற, அழுகிற ரப்பர் பொம்மை. அது வெளிநாட்டிலிருந்து கிளம்பி, சென்னைத் துறைமுகத்தில் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது. பழமலைநாதன் அசரவில்லை. பீங்கான் ஊரில் இருந்துகொண்டு பொம்மைக்கா பஞ்சம்? பீங்கான் தொழிற்பேட்டைக்குள் பட்டறை வைத்திருக்கும் சாமிதுரைக்கு ஆள் அனுப்பினார். பிறந்த குழந்தை ஒன்று வேண்டும், இந்த வாரத்துக்குள் வேண்டும்.

சாமிதுரை தலையைச் சொறிந்தார். "புது அச்சு எடுக்கணும்னா ரெண்டு மாசம் ஆவும் சார். கைவசம் தவழற கிருஷ்ணன் அச்சுதான் இருக்குது."

"கிருஷ்ணனும் கொழந்ததானே?"

"கொழந்ததாங்க. கையில வெண்ண இருக்கும். அத உளியால தட்டி எடுத்துடலாம். மயிலிறகையும் ஒடச்சிடலாம். சிரிப்பதான் சார் ஒண்ணும் பண்ண முடியாது. அது அச்சுலயே இருக்குது."

"இருந்துட்டுப் போகட்டும்" என்றார் பழமலைநாதன். "நம்ம நோக்கமே அதுதான்."

அப்படித்தான் ரோஸ் வண்ணம் பூசிய, தலையில் மயிலிறகு ஒடிந்த மூளியோடு, அகலக் கண் திறந்து சிரிக்கிற ஒரு பீங்கான் பிள்ளை பயிற்சி மேசைக்கு வந்து சேர்ந்தது. தவழும் கோலம் என்பதால் இரண்டு குதிகாலும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. குத்துவதற்கு ரொம்ப வசதி என்று பழமலைநாதன் எடுத்துச் சொன்னார்.

முதல் பாடம், குழந்தையின் வலிக்கு மதிப்பெண் போடுவது. முகம், அழுகை, மூச்சு, கை, கால், விழிப்பு என்று ஒவ்வொன்றையும் பார்த்து ஏழுக்குப் போட வேண்டும். ஒவ்வொருத்தியாக வந்து பொம்மையின் குதிகாலில் ஊசியைத் தட்டினாள், மதிப்பெண் போட்டாள். தாள்களை வாங்கிப் பார்த்த பழமலைநாதனுக்கு முகம் கறுத்துவிட்டது. பாதிப் பேர் ஏழுக்கு ஏழு போட்டிருந்தார்கள்.

"திரௌபதியம்மா, என்னாங்க இது? ஏழுன்னா உச்சக்கட்ட வலி. இதுக்கு எங்க வலிச்சிது?"

திரௌபதி எழுந்து நின்றாள். "வலின்னு போடலைங்க சார். சிரிச்ச முகமா, சமத்தா இருக்குது. நல்ல புள்ளைக்கு எதுக்கு மார்க்கக் கொறைக்கணும்னு முழுசாப் போட்டேன்."

பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து மார்க் கூடினால் நல்லது என்று படித்த பெண்கள். கூடினால் கெட்டது என்கிற கணக்கு யாருக்கும் உடனே ஏறவில்லை. அதனால் பழமலைநாதன் பாடத்தைச் சுருக்கித் தந்தார். "நல்லா மனசுல வாங்கிக்குங்க. இந்த மார்க்கு குழந்தைக்கு இல்ல, உங்களுக்கு. நீங்க குத்தி குழந்தை ஏழு எடுத்தா உங்க பயிற்சி தோல்வி. பூஜ்யம் எடுத்தா வெற்றி. நம்ம மையத்துல எல்லாக் குழந்தையும் பூஜ்யம் எடுக்கணும்."

இது எல்லோருக்கும் பளிச்சென்று புரிந்தது. அதன் பிறகு பீங்கான் பிள்ளை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கவே இல்லை, மேலே ஏறவும் இல்லை. இயக்கத்தின் தலைமைக்கு அனுப்பிய அறிக்கையில், விருத்தாசலத்தில் வலி முதல் வாரத்திலேயே அடங்கிவிட்டது என்று எழுதினார்கள்.

நிஜமாகவே பாடம் சொல்லித்தர ஒரே ஒருவர்தான் வந்தார். புதுச்சேரியிலிருந்து டாக்டர் லிசா என்று ஒரு அம்மா. பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. பொம்மையை ஒரு தடவை பார்த்துவிட்டுத் துணியால் மூடி வைத்தார். "குத்தறதுக்கு முன்னாடி குழந்தைய அம்மா நெஞ்சுல போடுங்க, பால் குடிக்க விடுங்க. அம்மா இல்லன்னா நாக்குல ரெண்டு சொட்டுச் சர்க்கரைக் கரைசல் விடுங்க. துணியில சுத்தி அணைச்சுப் பிடிங்க. பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. ஆனா ஒண்ணு மறக்காதீங்க. அழாத குழந்தைக்கு வலியில்லன்னு நெனச்சிடக் கூடாது. திரும்பத் திரும்பக் குத்துப்பட்ட குழந்தை ஒரு கட்டத்துக்கு மேல..."

அந்த இடத்தில் பழமலைநாதன் பொன்னாடையோடு மேடையேறிவிட்டார். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது, பிரியாணி அண்டா வந்திறங்கிவிட்டது. பொன்னாடை டாக்டர் லிசாவின் வாயை மூடிக்கொண்டுதான் தோளுக்கு இறங்கியது. போட்டோ எடுத்தார்கள். அந்த வாக்கியம் அங்கேயே நின்றது. பாதி வாக்கியம் காதில் விழுந்தும், உபகாரமேரியும் பிரியாணிக் கூட்டத்தோடுதான் எழுந்து போனாள்.

நிறைவு விழாதான் முக்கியம். இயக்கத்தின் மாநிலத் தலைவரே வருகிறார். அவர் முன்னிலையில், பயிற்சி பெற்ற நர்சு ஒருத்தி நிஜக் குழந்தையின் குதிகாலில் குத்த வேண்டும், குழந்தை பூஜ்யம் எடுக்க வேண்டும், தலைவர் கைதட்ட வேண்டும். குத்துவதற்கு உபகாரமேரியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் கை நடுங்காது என்று எல்லோருக்கும் தெரியும். சான்றிதழோடு சேர்த்து அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் ஆணையையும் தலைவர் கையாலேயே மேடையில் தந்துவிடலாம் என்றார் பழமலைநாதன். தராமலும் இருக்கலாம் என்பதை அவர் சொல்லவில்லை, அவளுக்கே தெரியும்.

குழந்தை பாஞ்சாலையுடையது. பாஞ்சாலை, சாமிதுரையின் பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். எடை குறைச்சலாகப் பிறந்து, மஞ்சள் காமாலையும் கண்டதால் குழந்தையைச் சில நாள் வைத்திருந்தார்கள். காமாலை தெளிந்து, சேத்தியாத்தோப்பில் தாய் வீட்டுக்குப் போவதற்குப் பையைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவளிடம் பழமலைநாதனே நேரில் வந்தார்.

"உம் புள்ள யோகக்காரப் புள்ளம்மா. தலைவர் முன்னாடி மேடையேறப் போகுது. ரெண்டு நாள் இருந்துட்டுப் போ."

பெரிய டாக்டர் 'உம் புள்ள' என்று வாய் நிறையச் சொல்லும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வாள்? பையை அவிழ்த்தாள்.

மறுநாளே ஒத்திகை. உபகாரமேரி குத்தினாள். குழந்தை கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்தியது. பழமலைநாதன் ஆறு மார்க் என்று குறித்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா நெஞ்சுல போட்டுக் குத்தலாங்க சார். அந்த டாக்டரம்மா சொன்னாங்களே" என்றாள் உபகாரமேரி. அவளுக்கு அக்கறை என்று இல்லை, வேலை சீக்கிரம் முடியுமே என்றுதான்.

"மேடையிலயா? தலைவர் பக்கத்துல உக்காந்து பாலு குடுக்கிறதா? நல்லாவா இருக்கும்? பத்திரிகைக்காரங்க வேற வர்றாங்க. அதோட அந்தப் பொண்ணுக்கு மேடையில நாற்காலி கிடையாது. நாற்காலி பூரா பேர் எழுதியாச்சு."

"அப்ப சர்க்கரைத் தண்ணி..."

பழமலைநாதன் அலமாரியைக் காட்டினார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கரைசல் புட்டி நின்றது. அதன் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. தலைவர் வந்து ரிப்பனை வெட்டித்தான் அதைத் திறந்து வைக்க வேண்டும். அழைப்பிதழில் அச்சடித்தாகிவிட்டது. அதற்கு முன்னால் யாராவது ஒரு சொட்டு எடுத்தால் பிறகு தலைவர் எதைத் திறப்பார்?

ஆக, ஒத்திகையில் அம்மாவும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ஊசி இருந்தது.

தலைவர் வருவதாகச் சொன்ன நாள் அஷ்டமி என்று யாரோ கண்டுபிடித்துத் தள்ளி வைத்தார்கள். அடுத்த தேதி மாசி மகத்தில் விழுந்தது. ஊருக்குள் ஒரு கார் நுழைய முடியாது, மணிமுத்தாறு பூராவும் தலையாய் இருக்கும் என்று அதுவும் தள்ளிப்போனது. அதற்கப்புறம் தலைவருக்கு முதுகு வலி. வலியில்லா இயக்கத் தலைவருக்கு முதுகு வலி என்று வெளியே தெரியக் கூடாது என்பதால், தவிர்க்க இயலாத காரணம் என்று பலகையில் எழுதிப் போட்டார்கள். தேதி தள்ளத் தள்ள ஒத்திகை மட்டும் தள்ளிப்போகவில்லை. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. குத்துவதற்குக் குதிகாலில் இடம் தேட வேண்டியிருந்தது. வலது கால் புண்ணானபோது இடது காலுக்கு மாறினார்கள்.

மார்க் குறைந்துகொண்டே வந்தது. ஆறிலிருந்து நாலு, நாலிலிருந்து இரண்டு. பழமலைநாதன் ஒவ்வொரு நாளும் தலைமைக்குத் தொலைபேசியில் சொன்னார். "பயிற்சி வேலை செய்யுதுங்க. குழந்தையே ஒத்துழைக்க ஆரம்பிச்சிடுச்சுங்க."

பிறகு ஒரு சாயங்காலம் உபகாரமேரி குத்தியபோது ஒன்றுமே நடக்கவில்லை. குழந்தை காலை இழுத்துக்கொள்ளவில்லை. முகம் சுளிக்கவில்லை. கண்ணைத் திறந்து, அவள் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. ரத்தம் வந்தது, பஞ்சை வைத்தாள், அப்போதும் அப்படியே கிடந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். பழமலைநாதனுக்குக் கண்ணில் தண்ணீர் தளும்பிவிட்டது. "பூஜ்யம்" என்றார். குரல் உடைந்தது. "நெசக் குழந்தை. பூஜ்யம்."

கைதட்டல் ஓய்ந்ததும் அறையில் ஒரு அமைதி வந்தது. மின்வெட்டில் விசிறி நின்ற பிறகுதான் அது இத்தனை நேரம் ஓடிக்கொண்டிருந்தது தெரியும். உபகாரமேரிக்கு அப்படித்தான் இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் காதில் விழாத அழுகை, இல்லாமல் போனதும் காதை அடைத்தது. பொன்னாடைக்கு அடியில் மாட்டிக்கொண்டு செத்துப்போன அந்த வாக்கியம் ஞாபகம் வந்தது. ஒரு கட்டத்துக்கு மேல என்ன ஆகும் என்று யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கும் ஆகியிருந்ததுதானே.

குழந்தையைத் தாயிடம் கொடுக்கப் போனாள். பாஞ்சாலை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு முந்தானையால் காலை மூடினாள்.

"முந்தாநேத்து வரைக்கும் கத்துச்சுங்க சிஸ்டர்" என்றாள். "இப்ப பாலுக்குக்கூட அழுவ மாட்டேங்குது. நானாத்தான் நேரம் பாத்துக் குடுக்கிறேன். எம்புள்ளைக்கு அழுவ மறந்துபோச்சுங்களா?"

உபகாரமேரி முந்தானையை விலக்கிக் குதிகாலில் ரத்தம் நின்றுவிட்டதா என்று பார்த்தாள்.

"நான் ஆயிரம் பொம்மைக்குக் கண்ணு எழுதியிருக்கிறேன். பொம்மைக் கண்ணு எப்பிடிப் பாக்கும்னு எனக்குத் தெரியும். இது அந்த மாதிரி பாக்குது." அவளும் அழவில்லை. இதைச் சொல்லிவிட்டுக் குழந்தையின் நெற்றியில் மையை அழித்து மறுபடியும் வைத்தாள்.

"நாளைக்குத் தலைவர் நிச்சயமா வர்றாராம். நாளையோட முடிஞ்சிடும்" என்றாள் உபகாரமேரி.

"நாளைக்கும் குத்துவீங்க இல்லைங்களா?"

வீட்டில் செபாஸ்டியன் மருந்துச் சீட்டோடு படுத்திருந்தான். ஆணையில் கையெழுத்தாகிக் கவரில் போட்டு வைத்திருந்தார்கள், அவளே பார்த்தாள். ஒரு குத்து, அவ்வளவுதான். அத்தனை குத்துக் குத்தியவளுக்கு இன்னொன்று என்ன பெரிய விஷயம் என்று மனசு சமாதானம் சொல்லியது. சமாதானம் சொன்ன அந்த மனசைத்தான் அவளுக்கு அப்போது பிடிக்கவில்லை.

விழாவன்று காலை, வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் பயிற்சி மேசையிலிருந்து பீங்கான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாஞ்சாலையின் கட்டிலுக்கு வந்தாள்.

"இது நீ எழுதின கண்ணுதானே?"

பாஞ்சாலை பொம்மையைத் திருப்பிப் பார்த்தாள். "ஆமாங்க. எங்க பட்டறை கிருஷ்ணன். வெண்ணைய எடுத்துப்புட்டாங்க."

"இதத் தூங்க வைக்க முடியுமா?"

பாஞ்சாலை அவள் முகத்தைப் பார்த்தாள். குழந்தைக்குப் போடும் பவுடரில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, அகலத் திறந்திருந்த கண்ணை மெழுகினாள். துளி குங்குமம் சேர்த்து நிறத்தைச் சரிசெய்தாள். மை டப்பாவில் விளக்குமாற்றுக் குச்சியைத் தொட்டு இமைக்கு ஒரு வளைந்த கோடு இழுத்தாள். கிருஷ்ணன் சிரித்துக்கொண்டே தூங்கினான். தலை மூளிக்குக் குல்லாய் போட்டு, உடம்பு முழுக்க வெள்ளைத் துணி சுற்றி, ஒரு குதிகாலை மட்டும் வெளியே விட்டாள் உபகாரமேரி.

"பின்வாசல்ல ஆட்டோ நிக்குது. பஸ் ஸ்டாண்டுக்குச் சொல்லியிருக்கிறேன். சேத்தியாத்தோப்பு பஸ்ஸப் புடிச்சிடு. ராவு பகலா நெஞ்சுலயே போட்டு வச்சிரு, எறக்காத. தடுப்பூசிக்கு மட்டும் எங்கிட்ட வா."

"உங்களுக்கு ஒண்ணும் ஆவாதுங்களா சிஸ்டர்?"

"போ" என்றாள்.

தலைவர் மத்தியானத்துக்கு மேல் வந்தார். வரவேற்புரை, அறிமுகவுரை, அறிமுகம் செய்தவரை வாழ்த்தி ஒரு உரை எல்லாம் முடிந்த பிறகு, தூக்கக் கலக்கத்தில் மைக்கைப் பிடித்தார். "நான் இந்த இயக்கத்துக்குத் தலைவரா வர்றதுக்கு முன்னாடி, குழந்தைங்களுக்கு வலிக்கும்னே எனக்குத் தெரியாது. இப்ப தெரிஞ்சிடுச்சு. இந்த அளவுக்குத் துறை முன்னேறியிருக்குது. குழந்தை ஏன் அழுவுது? கவனிக்கிறதுக்கு ஆள் இல்லன்னு அழுவுது. இப்ப நான் இருக்கேன். அப்புறம் எதுக்கு அழுவணும்?"

கைதட்டல் அடங்கியதும் ரிப்பனை வெட்டினார். உபகாரமேரி தொட்டிலைக் கொண்டு வந்து வைத்தாள். பார்ப்பவர்களுக்கு அவள் கை வழக்கம்போலத்தான் இருந்தது. தலைவர் இரண்டு சொட்டுக் கரைசலைப் பிள்ளையின் உதட்டில் விட்டார். அது வழிந்து மோவாய்க்கு வந்தது.

"சிரிக்குது பாருங்க" என்றார் தலைவர்.

போட்டோக்காரர்கள் நெருங்கினார்கள். தலைவர் குதிகாலைத் தொட்டார். "ஜில்லுன்னு இருக்குதே."

"ஏசி போட்டிருக்கோம் சார்" என்றார் பழமலைநாதன். ஏசி மின்வெட்டில் நின்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

தலைவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. நர்சு எதற்கு, நானே குத்துகிறேன் என்று ஊசியை வாங்கினார். குத்தினார். டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. ஊசி முனை வளைந்தது. ரத்தம் வரவில்லை. தலைவர் ஊசியைப் பார்த்தார், காலைப் பார்த்தார், பிறகு பழமலைநாதனைப் பார்த்தார். பழமலைநாதன் தொட்டிலுக்குள் குனிந்தார். குல்லாய்க்குக் கீழே, அவரே அச்சில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொன்ன அந்தச் சிரிப்பு இருந்தது. குல்லாயைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரத்தமே வரலையே" என்றார் தலைவர் மெதுவாக.

"வராது சார்" என்றார் பழமலைநாதன். "அந்த அளவுக்குக் கொண்டு வந்துட்டோம்."

தலைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டார். "வலியில்ல, அழுகையில்ல, ஒரு சொட்டு ரத்தமில்ல. எல்லா மாவட்டத்துல இருந்தும் ஆளுங்கள அனுப்பறேன். இந்தக் குழந்தைய வந்து பாக்கட்டும்." சான்றிதழ் தந்தார், கவரைத் தந்தார். உபகாரமேரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள். சந்தோஷம் என்று எதுவும் தோன்றவில்லை. இந்நேரம் பாஞ்சாலை தாய் வீட்டில் குழந்தையை நெஞ்சில் போட்டிருப்பாளா என்று மட்டும் யோசித்தாள்.

எல்லோரும் போன பிறகு பழமலைநாதன் அவளைக் கூப்பிட்டார். மேசை மேல் பீங்கான் பிள்ளை கிடந்தது. சர்க்கரை வழிந்த மோவாயில் எறும்பு வரிசை கட்டியிருந்தது. அவர் கத்தவில்லை. கத்துவார் என்று எதிர்பார்த்து நின்றவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"மார்க்கு என்னா போட்டீங்க?"

"பூஜ்யங்க சார்."

"அவ்வளவுதான் நமக்கு வேணும். நீங்க ஒண்ணும் பண்ணல, நான் ஒண்ணும் பாக்கல. இந்தக் குழந்தைய டிஸ்சார்ஜ் பண்ணாதீங்க. கண்ணாடி ரூமுல தொட்டில் போட்டு வைங்க. யாரும் தொடக் கூடாது, தொத்து நோய் வரும்னு எழுதி ஒட்டுங்க."

அப்படியே நடந்தது. பீங்கான் பிள்ளை உள்நோயாளியாகச் சேர்ந்துகொண்டது. தினமும் வருகிற டாக்டர் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, எடை கூடவில்லை, குறையவும் இல்லை, நிலைமை சீராக உள்ளது என்று சொல்லிவிட்டுப் போனார். வெளி மாவட்டங்களிலிருந்து வேன் பிடித்து நர்சுகள் வந்தார்கள். கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்துவிட்டு, "நம்மூருப் புள்ளைங்களும் இருக்குதுங்களே" என்று பெருமூச்சு விட்டார்கள். ஒரு வாரம் திரௌபதியும் வந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்துவிட்டு உபகாரமேரியிடம், "நான் அன்னைக்கே இதுக்கு ஏழு போட்டேன்" என்றாள்.

உபகாரமேரி இப்போது ஊசி போடும்போது தாயைக் கூப்பிட்டு மடியில் போட்டுக்கொள்ளச் சொன்னாள். அதற்கு நேரம் ஆயிற்று, திட்டு விழுந்தது. சேத்தியாத்தோப்பு பக்கமிருந்து வருகிறவர்களிடம் எல்லாம் பாஞ்சாலையைத் தெரியுமா என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பிள்ளை இன்னும் மேலே பார்த்துக்கொண்டுதான் கிடக்கிறதா? வாய் விட்டுக் கேட்க ஆளில்லாமல், கோவிலில் மாதா முன்னால் முட்டி போட்டுக் கேட்டாள். பல வருஷமாக எதுவும் கேட்காதவள் கேட்டது அது ஒன்றுதான்.

வெயில் ஏறிய ஒரு புதன்கிழமை, தடுப்பூசி வரிசையில் பாஞ்சாலை நின்றாள். குழந்தை கொஞ்சம் தேறியிருந்தது. குதிகாலில் புள்ளி புள்ளியாய்த் தழும்பு.

"அழுவுதா?" என்றாள் உபகாரமேரி.

"இல்லைங்க. பாலு குடிக்குது, தூங்குது. அழுவ மாட்டேங்குது."

உள்ளே கண்ணாடி அறையில் திருச்சிப் பக்கத்துக் குழு ஒன்றுக்குப் பழமலைநாதன் விளக்கிக்கொண்டிருந்தார். அவர் குரல் தடுப்பூசி வரிசை நின்ற நடை வரைக்கும் வந்தது. உபகாரமேரி பாஞ்சாலையை ஸ்டூலில் உட்கார வைத்தாள். நெஞ்சோடு போட்டுக்கொள்ளச் சொன்னாள். குழந்தை பால் குடிக்க ஆரம்பிக்கும் வரை காத்திருந்தாள். ஊசியை எடுத்தபோது, கை நடுங்காது என்று பேர் வாங்கியவளின் கை நடுங்கியது. "சேசுவே" என்றாள். தொடையில் போட்டாள்.

குழந்தை குடிப்பதை நிறுத்தியது. கண்ணைத் திறந்தது. இரண்டு பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கண்ணையே பார்த்தார்கள். அது மேலே போகவில்லை. நேராக உபகாரமேரியின் முகத்துக்கு வந்தது. உதடு பிதுங்கியது, மோவாய் துடித்தது, முகம் முழுக்கச் சுருங்கிச் சிவந்தது. பிறகு வாயைத் திறந்து வீரிட்டது.

பாஞ்சாலை குழந்தையை இறுக்கிக்கொண்டு ஓவென்று அழுதாள். உபகாரமேரிக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்தது. முழுதாக, வலிக்கிற மாதிரி விழுந்தது.

பழமலைநாதன் விடுவிடுவென்று நடைக்கு வந்தார். "என்னா சத்தம் இது? உள்ள வெளியூர்க்காரங்க இருக்காங்க. நம்ம ஆஸ்பத்திரியில குழந்தை அழலாமா? எந்த வூட்டுக் குழந்தை இது?"

"நம்ம கொழந்ததாங்க சார்" என்றாள் உபகாரமேரி. "உள்ள படுத்திருக்குதே, அதுதான்."

அவர் குழந்தையின் குதிகாலைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "கதவச் சாத்துங்க" என்று மட்டும் சொன்னார்.

குழந்தை மூச்சை இழுத்து மறுபடியும் ஆரம்பித்தது. பாஞ்சாலை மாராப்பை ஒதுக்கி அதன் வாயை நெஞ்சில் வைத்தாள். அது விசும்பிக்கொண்டே பற்றியது. கண்ணாடி அறை வாசலில் திருச்சி நர்சுகள் ஒவ்வொருத்தியாக வெளியே வந்து, சத்தம் வந்த பக்கம் எட்டிப் பார்த்தார்கள். உபகாரமேரி கதவைச் சாத்தவில்லை.